நாட்காட்டியா, மாநாடா: சுழற்சி முறைத் தலைமை எங்கே சிக்கிக்கொள்கிறது?

திசைமானி (இழையைத் தொடங்கியவர்)

வட்டார அமைப்புகளின் தலைமைப் பொறுப்பு உறுப்பு நாடுகளிடையே முறைவைத்துச் சுற்றி வருவதைப் பற்றித் தனியாக ஓர் இழை வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் 18ஆவது உச்சி மாநாட்டை நேபாளம் 2014 நவம்பர் 26, 27 ஆகிய நாட்களில் காத்மாண்டுவில் நடத்தியது. அப்போது ஏற்ற தலைமைப் பொறுப்பை அடுத்த நாட்டிடம் ஒப்படைக்க வழியில்லாமல் அது இன்னமும் வைத்திருக்கிறது. 19ஆவது மாநாடு 2016 நவம்பரில் இஸ்லாமாபாத்தில் கூடியிருக்க வேண்டும். செப்டம்பர் 18 அன்று காஷ்மீரில் உள்ள உரி ராணுவ முகாம் தாக்கப்பட்ட பிறகு, தான் கலந்துகொள்ளப் போவதில்லை என்று இந்தியா அறிவித்தது. வங்கதேசம், பூட்டான், ஆப்கானிஸ்தான் ஆகியவையும் விலகிக்கொண்டன. மாநாடு நின்றது. மாநாட்டோடு தலைமை மாற்றமும் நின்றது.

இதை இந்தியா, பாகிஸ்தான் பகையின் விளைவு என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் வழக்கம். பகை இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பகையால் அமைப்பின் எந்தப் பகுதி நின்றது, எந்தப் பகுதி நிற்கவில்லை என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சார்க் பொதுச்செயலாளர் பதவிக்கு மூன்றாண்டு என்று காலவரையறை இருக்கிறது. அதுவும் நாட்டுக்கு நாடு சுற்றி வரும் பதவிதான். 2017இல் பாகிஸ்தானைச் சேர்ந்தவரும், 2020இல் இலங்கையைச் சேர்ந்தவரும், 2023இல் வங்கதேசத்தைச் சேர்ந்தவரும் அந்தப் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர்கள் ஓர் அறையில் கூட மறுத்த அதே ஆண்டுகளில், அதே காத்மாண்டுச் செயலகத்தில், அந்த நாற்காலி மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.

ஆகவே என் கருத்து இதுதான். தலைமை எப்போது கைமாறும் என்பதை எதனோடு கட்டியிருக்கிறார்கள் என்பதே சுழற்சி முறையின் உயிர்நாடி. நாட்காட்டியோடு கட்டினால், யார் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நாளில் பொறுப்பு மாறும். மாநாட்டோடு கட்டினால், மாநாட்டுக்கு வர மறுக்கும் ஒவ்வொரு நாட்டின் கையிலும் ஒரு பூட்டைக் கொடுத்ததாகிவிடும். சார்க்கில் மாநாட்டை நடத்தும் நாடுதான் தலைமை ஏற்கும், அடுத்த மாநாடு வரை அதுவே தலைமை வகிக்கும். மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

எண்கோணம்

நண்பர் திசைமானி எடுத்துக்காட்டுகளை நன்றாகத் தேர்ந்திருக்கிறார். ஆனால் முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விதியை மாற்றினால் விருப்பம் பிறந்துவிடும் என்ற நம்பிக்கை அதில் தொனிக்கிறது.

தென் அமெரிக்க நாடுகளின் வணிகக் கூட்டமைப்பான மெர்கோசூரைப் பாருங்கள். 1994ஆம் ஆண்டின் ஓரோ பிரேத்தோ ஒப்பந்தத்தின்படி அங்கே தலைமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நாட்டுப் பெயர்களின் அகரவரிசையில் மாறுகிறது. நீங்கள் கேட்கும் நாட்காட்டி விதி இதுதான். 2016 ஜூலையில் உருகுவேயின் காலம் முடிந்தது. வரிசைப்படி அடுத்தது வெனிசுவேலா. பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே மூன்றும் அதை ஏற்க மறுத்தன. உருகுவே யாரிடமும் ஒப்படைக்காமலேயே தன் காலம் முடிந்தது என்று அறிவித்து ஒதுங்கிக்கொண்டது. வெனிசுவேலா தானே தலைமை ஏற்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டது. தலைமை யாரிடம் இருக்கிறது என்பதிலேயே உடன்பாடு இல்லாமல் மாதங்கள் கழிந்தன. நாட்காட்டி என்ன செய்தது? நாள் வந்தது, போயிற்று, அவ்வளவுதான்.

பழைய_கோப்பு

இருவரும் தலைமை எப்போது மாறுகிறது என்று பேசுகிறீர்கள். தலைமையில் இருக்கும் நாடு உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டால் விவாதம் தெளிவாகும் என்று நினைக்கிறேன். வட்டார அமைப்பு ஒன்றின் அதிகாரிகள் நிலைக் கூட்டங்களில் குறிப்பெடுப்பவனாகச் சில ஆண்டுகள் அமர்ந்திருந்தவன் நான். எந்த அமைப்பு என்பது இங்கே தேவையில்லை.

செய்தித்தாளில் வரும் படத்தில் தலைவர்கள் வரிசையாக நின்று கைகோத்துக்கொண்டிருப்பார்கள். வேலை நடக்கும் இடம் அதுவல்ல. முப்பது பேர் அமர்ந்த அறையில், ஒரு வரைவின் ஒவ்வொரு வரியும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். உடன்பாடில்லாத சொல் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். கூட்டம் முடிவதற்குள் அந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதுதான் தலைமை வகிக்கும் அதிகாரியின் வேலை. ஒரு முறை "உறுதி செய்யும்" என்று ஒரு நாடும், "கருத்தில் கொள்ளும்" என்று இன்னொரு நாடும் இரண்டு மணி நேரம் பிடிவாதமாக நின்றன. தலைமை வகித்த அம்மையார் இரு தரப்பையும் மறுபடி பேச விடவில்லை. பதினைந்து நிமிடம் இடைவேளை என்று அறிவித்துவிட்டு, அந்த இரு நாட்டு அதிகாரிகளையும் நடைக்கூடத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்ததும், "உறுதி செய்ய முயலும்" என்று இருப்பதாகவே அந்த வரியைப் படித்துவிட்டு, மறுப்பு உண்டா என்றுகூடக் கேட்காமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். மறுப்பு வரவில்லை. அடைப்புக்குறி திரையிலிருந்து மறைந்தது.

தலைமையின் அதிகாரம் என்பது இவ்வளவுதான், ஆனால் இது சிறியதும் அல்ல. எந்தப் பொருளை நிகழ்ச்சி நிரலில் எப்போது வைப்பது, யாரைப் பேச அழைப்பது, எப்போது இடைவேளை விடுவது, எழுதுகோலை யார் கையில் வைத்திருப்பது ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சரவைக் குழுவில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பணிக்குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தலைமை நாட்டின் அதிகாரிகளே தலைமை தாங்குகிறார்கள். இது ஆறு மாதத்துக்கு ஒரு நாடு சுமக்கும் அன்றாட வேலை.

இனி நாட்காட்டி விவகாரத்துக்கு வருகிறேன். திசைமானி எடுத்துக்காட்டாமல் விட்ட நிகழ்வுதான் அவர் கருத்துக்கு மிக வலுவான சான்று. 1965 ஜூன் 30 அன்று, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான, ஆறு நாடுகள் கொண்ட ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் வேளாண் கொள்கைக்கு நிதி திரட்டுவது பற்றிய பேச்சு நள்ளிரவைத் தாண்டி நடந்தது. தலைமை பிரான்சிடம் இருந்தது. காலக்கெடு முடியும்போது கடிகாரத்தை நிறுத்தியதாக வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்வது அங்கே புதிதல்ல. 1961 டிசம்பர் 31 கெடுவை அப்படி நிறுத்தி வைத்துத்தான் 1962 ஜனவரி 14 வரை பேசி உடன்பாடு கண்டிருந்தார்கள். இந்த முறை தலைமையில் அமர்ந்திருந்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் கூவ் த முர்வில் அதற்கு இணங்கவில்லை; உடன்பாடு இல்லை என்று கூறிக் கூட்டத்தை முடித்துவிட்டார். பிறகு பிரான்ஸ் அமைச்சர் குழுக் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்தியது. இதைத்தான் வெற்று நாற்காலி நெருக்கடி என்கிறார்கள்.

அன்றைய விதி சார்க்கில் இருப்பதைப் போல இருந்திருந்தால், கூட்டத்தைப் புறக்கணித்த நாடே தலைமையிலும் தொடர்ந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. ஜூலை 1 விடிந்ததும் தலைமை இத்தாலியிடம் போயிற்று, 1966 ஜனவரி 1 அன்று லக்சம்பர்க்கிடம் வந்தது. யாரும் யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. அந்த ஜனவரி முடிவதற்குள் லக்சம்பர்க் நகரில், ஆறு நாடுகளில் மிகச் சிறியதான அந்நாட்டின் தலைமையில்தான் பிரான்ஸ் திரும்பி வந்து அமர்ந்து சமரசம் ஏற்பட்டது. லக்சம்பர்க் சமரசம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

திசைமானி

பழைய_கோப்பு அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. 1965 நிகழ்வை நான் படித்திருந்தும், நெருக்கடி தொடங்கிய நாளும் தலைமை மாறிய நாளும் ஒட்டி நின்றதைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

எண்கோணம் அவர்களின் மெர்கோசூர் மறுப்பு நியாயமானது. நாட்காட்டி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே கதையின் பின்பகுதியையும் பார்க்க வேண்டும். 2016 செப்டம்பரில் அமைப்பை நிறுவிய நான்கு நாடுகளும் சேர்ந்து அமைப்பைக் கூட்டாக ஒருங்கிணைப்பதாக அறிவித்தன. உறுப்பினராகச் சேர்ந்தபோது ஏற்றுக்கொண்ட விதிகளைத் தன் சட்டத்தில் சேர்க்க டிசம்பர் 1 வரை வெனிசுவேலாவுக்குக் கெடு கொடுத்தன; அது நிறைவேறாததால் அதன் உரிமைகளை நிறுத்திவைத்தன. டிசம்பரில் அர்ஜென்டினா தலைமை ஏற்றது. அதன் பிறகு பிரேசில், பராகுவே, உருகுவே என்று அகரவரிசை மறுபடி ஓடத் தொடங்கியது. வெனிசுவேலாவை நடத்திய விதம் நேர்மையானதா என்பது தனிக் கேள்வி. எனக்கே அதில் முழு நிறைவில்லை. ஆயினும், நாள் குறித்திருந்ததால்தான் பிரச்சினையைத் தள்ளிப்போட யாராலும் முடியவில்லை. ஐந்து மாதத்துக்குள் ஏதோ ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டியிருந்தது. சார்க்கில் எந்த நாளும் யாரையும் நெருக்குவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சார்க் தலைமை தேங்கி நிற்பது 2016இல் முதன்முறையாக நடந்ததல்ல. 1998 ஜூலையில் கொழும்பில் 10ஆவது மாநாடு நடந்தது. இலங்கை தலைமை ஏற்றது. அடுத்த மாநாடு 1999 நவம்பரில் காத்மாண்டுவில் நடக்கவிருந்தது. அக்டோபரில் பாகிஸ்தானில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அது தள்ளிவைக்கப்பட்டது. 2002 ஜனவரியில்தான் காத்மாண்டு மாநாடு கூடியது. ஓராண்டுக்கு வகிக்க வேண்டிய பொறுப்பை இலங்கை மூன்றரை ஆண்டு வகித்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது தலைவர்கள் கூட வேண்டும் என்கிறது சாசனம். கூடாவிட்டால் என்ன ஆகும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

மழைத்துளி

எனக்கு ஓர் எளிய ஐயம். முறை என்று வைத்துவிட்டால், அடுத்து வரும் நாட்டில் மக்களைக் கொன்று குவிக்கும் ஆட்சி நடந்தாலும் தலைமையைக் கொடுத்தே ஆக வேண்டுமா? அப்படியானால் இந்தச் சமத்துவத்தை எப்படிப் போற்றுவது?

நெடுநோக்கு

மழைத்துளி கேட்டதுதான் இந்த முறையின் மிகக் கடினமான கேள்வி. ஆப்பிரிக்கா இதை மூன்று முறை மூன்று விதமாகச் சந்தித்திருக்கிறது.

1975இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாடு உகாண்டா தலைநகர் கம்பாலாவில் நடந்தது. மாநாட்டை நடத்தும் நாட்டின் தலைவர் என்ற வழக்கப்படி உகாண்டா அதிபர் இடி அமீன் அமைப்பின் தலைவரானார். தான்சானியா, சாம்பியா, போட்ஸ்வானா ஆகியவை போக மறுத்தன. மற்றவை போயின. ஓராண்டுக் காலம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெயரால் பேசும் உரிமை அவரிடம் இருந்தது. உகாண்டாவில் அப்போது நடந்துகொண்டிருந்தவற்றை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

1982இல் லிபியாவின் திரிப்போலி. கடாஃபி தலைவராக வேண்டிய முறை. மேற்குச் சகாராவின் இருக்கை பற்றிய சண்டையால் ஆகஸ்டிலும், சாட் நாட்டைப் பற்றிய சண்டையால் நவம்பரிலும் போதிய உறுப்பினர் வராமல் மாநாடு இரு முறை குலைந்தது. 1981இல் நைரோபியில் தலைமை ஏற்ற கென்ய அதிபர் மோய் 1983 ஜூனில் அடிஸ் அபாபா மாநாடு கூடும்வரை அதில் நீடித்தார். திசைமானி சொல்லும் மாநாட்டுப் பூட்டு சார்க்குக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இது சான்று.

மூன்றாவது 2006. அந்த அமைப்பின் வழிவந்த ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மாநாடு சூடான் தலைநகர் கார்ட்டூமில் கூடியது. சூடானின் தார்ஃபூர் பகுதியில் ஆட்சியே மக்களைத் தாக்கிக்கொண்டிருக்கும்போது அதே ஆட்சிக்குத் தலைமையைக் கொடுப்பதா என்ற எதிர்ப்பு வலுத்தது. தார்ஃபூரில் ஒன்றியமே அமைதிப்படையை நிறுத்தியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தலைமை காங்கோ குடியரசின் சாசு இங்கேசோவிடம் போயிற்று. சூடானுக்கு அடுத்த ஆண்டு என்று சமாதானம் சொன்னார்கள். 2007இலும் கொடுக்கவில்லை, கானாவின் குஃபூரிடம் கொடுத்தார்கள். இன்று அங்கே வடக்கு, மேற்கு, நடு, கிழக்கு, தெற்கு என ஐந்து வட்டாரங்களிடையே ஆண்டுதோறும் தலைமை சுற்றுகிறது. எந்த நாடு என்பதை அந்த வட்டாரம் தனக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். அதுவும் எப்போதும் எளிதாக நடப்பதில்லை. 2024இல் வடக்கின் முறை வந்தபோது அல்ஜீரியாவும் மொராக்கோவும் ஒன்றையொன்று ஏற்காததால் மவுரித்தேனியா வந்தது. இந்த ஏற்பாட்டின் நன்மையும் அதிலேயே இருக்கிறது. தகுதி பற்றிய சண்டை மாநாட்டு மேடைக்கு வருவதற்கு முன்பே அந்த வட்டாரத்து நாடுகளுக்குள் முடிந்துவிடுகிறது.

தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியான் வேறு வழியில் போனது. 2006க்கான முறை மியான்மருடையது. 2005 ஜூலையில் லாவோஸ் தலைநகர் வியன்டியானில் மியான்மர், உள்நாட்டு நல்லிணக்கப் பணிகளில் கவனம் செலுத்துவதற்காக முறையை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தது. உள்ளேயும் வெளியேயும் இருந்து வந்த அழுத்தமே காரணம் என்பதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் எழுத்தில் அது மியான்மரின் விருப்பம். பிலிப்பைன்ஸ் முன்னதாக ஏற்றது. பிறகு மாற்றம் தெரிந்ததும், லாவோஸ் தன் இடத்தை மாற்றிக்கொண்டு ஒத்துழைக்க, 2014இல் மியான்மர் தலைமை வகித்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மறுபடி சிக்கல். 2026க்கான தலைமையைப் பிலிப்பைன்ஸ் ஏற்கும் என்று 2023 செப்டம்பரில் ஜகார்த்தா மாநாட்டில் முடிவு செய்தார்கள். முகம் முறியாமல் முறையை நகர்த்துவது ஒரு கலை. ஆனால் அந்த மென்மைக்கும் ஒரு விலை இருக்கிறது. ஏன் மறுக்கப்பட்டது என்பது எங்கும் பதிவாகாததால், அடுத்த முறை இதே நிலை வந்தால் கையில் விதி எதுவும் இருக்காது.

எண்கோணம்

நெடுநோக்கு அவர்களின் பதிவைப் படித்த பிறகு என் ஐயம் கூடித்தான் இருக்கிறது. ஆசியானில் தலைமை நாட்காட்டி ஆண்டுப்படி, நாடுகளின் ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசையில் மாறுகிறது. 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சாசனமே அப்படிச் சொல்கிறது. முறை ஒழுங்காக ஓடிய ஆண்டில்தான் 2012 நடந்தது.

அந்த ஆண்டு தலைமை கம்போடியாவிடம். ஜூலையில் புனோம்பென்னில் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். தென்சீனக் கடலில் ஸ்கார்பரோ திட்டைச் சுற்றிச் சீனாவோடு ஏற்பட்ட பிணக்கைக் கூட்டறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் கேட்டது. தன் கடல்சார் பொருளாதார மண்டலத்தைப் பற்றிய கவலையை வியட்நாம் சேர்க்கச் சொன்னது. மற்ற அமைச்சர்கள் மாற்றி மாற்றி வரைவு எழுதித் தந்தார்கள். தலைமை எதையும் ஏற்கவில்லை. அமைப்பு தோன்றிய 45 ஆண்டுகளில் முதன்முறையாகக் கூட்டறிக்கை இல்லாமல் கூட்டம் கலைந்தது. பிறகு இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நத்தலகாவா தலைநகர் தலைநகராகப் பறந்து, ஆறு அம்சக் கொள்கை ஒன்றுக்கு எல்லாரையும் இணங்க வைத்தார்.

பழைய_கோப்பு சொன்ன எழுதுகோல் ஒரு நாட்டின் கையில் இருந்தால், அந்த நாடு வெளியே இருக்கும் ஒரு பெரிய நாட்டுக்குக் கடமைப்பட்டிருந்தால், முறை எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் என்ன பயன்? ஐரோப்பியர்களே இதை உணர்ந்துதான் 2009இல் லிஸ்பன் ஒப்பந்தத்தின் வழியாக நாட்டுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய மன்றத்துக்கு இரண்டரை ஆண்டுக் காலத்துக்கு நிலையான தலைவரை வைத்தார்கள். வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தையும் சுழற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். முக்கியமானவற்றையெல்லாம் சுழற்சியிலிருந்து விலக்கிவிட்டு, மிச்சத்தைச் சுழல விட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழைய_கோப்பு

மிச்சம் என்று நீங்கள் சொல்வதில்தான் வேளாண்மை, மீன்வளம், போக்குவரத்து, சுற்றுச்சூழல், நிதி எல்லாம் அடங்கியிருக்கின்றன. சட்டமாகி மக்களின் அன்றாடத்தைத் தொடுபவை அவைதாம். அதை எளிதாகக் கழித்துவிட வேண்டாம்.

ஆனால் உங்கள் கேள்வியின் அடிப்படை சரியானது. தலைமை நாடு தன் சொந்த நிலைப்பாட்டை அமைப்பின் நிலைப்பாடாகக் காட்டத் தொடங்கினால் என்ன செய்வது? 2024 ஜூலையில் ஹங்கேரி தலைமை ஏற்ற முதல் பத்து நாட்களுக்குள் அதன் பிரதமர் ஓர்பன் கீவ், மாஸ்கோ, பெய்ஜிங் என்று பயணம் போனார். ஒன்றியத்தின் சார்பாகப் பேச அவரை யாரும் அனுப்பவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே ஹங்கேரியால் இந்தப் பொறுப்பை நம்பகமாக வகிக்க முடியுமா என்று கேட்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. எனினும் முறையை யாரும் பறிக்கவில்லை. ஹங்கேரி நடத்திய முறைசாராக் கூட்டங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் ஆணையர்களை அனுப்பாமல் மூத்த அதிகாரிகளை மட்டும் அனுப்பியது. புடாபெஸ்டில் நடக்கவிருந்த வெளியுறவு அமைச்சர்களின் முறைசாராக் கூட்டம் பிரஸ்ஸல்ஸுக்கு மாறியது. டிசம்பர் 31 வந்தது. போலந்திடம் தலைமை போயிற்று. ஆறு மாதம் என்ற எல்லை தெரிந்திருந்ததால்தான் மற்ற நாடுகளால் பொறுமையாக இருக்க முடிந்தது. முடிவு தெரியாத தலைமை என்றால் அதைப் பறிக்கத்தான் வழி தேடியிருப்பார்கள்.

தலைமை நாடு தடுமாறினாலும் அமைப்பு ஓடும்படி செய்வது எது என்பதற்கு இரண்டு நாடுகளை ஒப்பிடலாம். 2009 மார்ச் 24 அன்று, தலைமைப் பொறுப்பின் நடுவழியில், செக் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. மறு ஆண்டு ஜூலையில் பெல்ஜியம் தலைமை ஏற்றபோது அங்கே இருந்ததே காபந்து அரசுதான். ஆறு மாதமும் அப்படியே கழிந்தது. தேர்தல் முடிந்து முழு அரசு அமைய 541 நாட்கள் ஆயின. செக் தலைமை அலைக்கழிந்தது. பெல்ஜியத்தின் தலைமையோ நல்ல பெயர் எடுத்தது. காரணம் பெரிய மர்மமல்ல. 1958 ஜனவரியில் முதன்முதலில் அந்த நாற்காலியில் அமர்ந்த நாடு பெல்ஜியம். அதன் அதிகாரிகளுக்கு வேலை கைவந்த ஒன்று. செக் குடியரசு 2004இல் சேர்ந்த நாடு. அதற்கு அதுவே முதல் முறை.

இதில் எனக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு. 27 நாடுகள், ஆளுக்கு ஆறு மாதம் என்றால் ஒரு சுற்றுக்குப் பதின்மூன்றரை ஆண்டு. அயர்லாந்து 2013இன் முதல் பாதியில் வகித்தது. அடுத்த முறை 2026இன் இரண்டாம் பாதியில். அன்று பணிக்குழுவுக்குத் தலைமை வகித்துத் தழும்பேறிய அதிகாரிகளில் எத்தனை பேர் இன்று அதே மேசையில் இருப்பார்கள்? ஒவ்வொரு முறையும் புதிதாகப் பயிற்சி, புதிதாகப் பிழைகள். மூன்று நாடுகளைச் சேர்த்துப் பதினெட்டு மாதத்துக்கு ஒரே வேலைத்திட்டம் வகுப்பதை 2007இல் ஜெர்மனி, போர்ச்சுகல், ஸ்லோவேனியாவோடு தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் நிலையான செயலகம் பழைய கோப்புகளை எடுத்துக் கொடுக்காவிட்டால் சிறிய நாடுகள் திணறிப்போகும். 2017இல் வரவிருந்த தன் முறையைப் பிரிட்டன் கைவிட்டதால் எஸ்தோனியா ஆறு மாதம் முன்னதாகவே ஏற்க வேண்டி வந்தது. முதல் முறை, பதின்மூன்று லட்சம் மக்கள்தொகை, ஓராண்டுக்கும் குறைவான முன்னறிவிப்பு. அந்தச் சிறிய நாடு தாங்கியது. தாங்க முடிந்ததற்குப் பின்னால் செயலகம் இருந்தது.

மழைத்துளி

விரிவாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. அப்படியானால் சார்க் என்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்யலாம் என்பதையும் திசைமானி சொல்லிவிட்டால் நன்று. பகை தீரும்வரை காத்திருப்பது ஒரு பதிலாக எனக்குத் தெரியவில்லை.

திசைமானி

முதலில் ஒரு தடையை ஒப்புக்கொள்கிறேன். சார்க் சாசனத்தின்படி எல்லா நிலைகளிலும் முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். இருதரப்புச் சிக்கல்களையும் சச்சரவான பொருள்களையும் அங்கே பேசக் கூடாது. ஆகவே தலைமை மாறும் விதியை மாற்றுவதற்கும் எட்டு நாடுகளும் இணங்க வேண்டும். தாலிபான் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆப்கானிஸ்தானின் இருக்கையில் யார் அமர்வது என்பதே தீராத கேள்வியாக இருக்கிறது.

இருந்தாலும், கேட்கப்படுவது சிறியது. எந்த நாடும் எந்த நாட்டுக்கும் விருந்தினராகப் போக வேண்டியதில்லை. மாநாடு நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஜனவரி 1 அன்று அகரவரிசையில் அடுத்த நாடு தலைமை ஏற்கும் என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். பொதுச்செயலாளர் பதவிக்கு அப்படி ஒரு காலவரையறையை இந்த எட்டு நாடுகளும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கின்றன. 2020 மார்ச் 15 அன்று பெருந்தொற்றைப் பற்றிப் பேச இந்தியா அழைத்தபோது எல்லா நாடுகளும் காணொளியில் வந்தன. பாகிஸ்தான் பிரதமர் வராவிட்டாலும் அந்நாட்டின் சார்பில் ஒருவர் பேசினார். அன்றைக்கு அது உச்சி மாநாடாகக் கணக்கில் வராததால் தலைமை மாறவில்லை. நாட்காட்டி விதி இருந்திருந்தால், அந்த நேரத்தில் யார் தலைமையில் இருந்தாலும் அவரே அந்தக் கூட்டத்தை அழைத்திருக்கலாம்.

எண்கோணம் அவர்கள் சொல்வதைப் போல, பாகிஸ்தான் தலைமையில் இருக்கும் ஆண்டில் இந்தியா கூட்டங்களுக்கு வராமல் போகலாம். இந்தியா தலைமையில் இருக்கும்போது பாகிஸ்தானும் அப்படியே செய்யலாம். அந்த ஆண்டு வீணாகும். ஆனால் அடுத்த ஆண்டு இலங்கையிடம் போகும், அதற்கடுத்து வேறொன்றிடம் போகும். 1966 ஜனவரியில் லக்சம்பர்க்குக்குக் கிடைத்த வாய்ப்பு பூட்டானுக்கோ மாலத்தீவுக்கோ கிடைக்கும். இப்போது இருக்கும் முறையில் அந்த வாய்ப்பே எழுவதில்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது பிம்ஸ்டெக். சார்க் நின்றுபோனதால் வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள ஏழு நாடுகளும் அதில் நம்பிக்கை வைத்திருக்கின்றன. அங்கேயும் தலைமை மாநாட்டிலேயே கைமாறி வந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் காத்மாண்டு மாநாட்டில் ஏற்ற பொறுப்பை இலங்கை 2022 மார்ச்சில்தான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. தாய்லாந்து அதை 2025 ஏப்ரல் 4 அன்று பாங்காக்கில் வங்கதேசத்திடம் கொடுத்தது. இரண்டாண்டுக்கு ஒரு முறை மாநாடு கூட வேண்டும் என்று சாசனம் எழுதிவைத்த பிறகும், முதல் மாநாட்டுக்கே மூன்றாண்டு ஆகிவிட்டது. 2024 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த அந்தச் சாசனம் இன்னும் புதியது. நாடுகளிடையே மனக்கசப்பு முற்றுவதற்கு முன், திருத்தம் கேட்டால் யாரும் உள்நோக்கம் கற்பிக்காத இந்தக் காலத்தில், தலைமை மாறும் நாளைக் குறித்துவிட வேண்டும். பிம்ஸ்டெக்கின் டாக்கா செயலகத்தில் யாராவது இந்த இழையைப் படித்தால், இந்த ஒரு வேண்டுகோளை அடுத்த மூத்த அதிகாரிகள் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.